பாலம் தாண்டிய பிறகு நீ சொன்னது

தம்பி, உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கெங்கவல்லிப் பக்கம் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ரூம் கிடைத்துவிட்டது, மெஸ் சாப்பாட்டில் காரம்தான் கொஞ்சம் தூக்கல் என்றெல்லாம் எழுதியிருந்தாய். படிக்கச் சொல்லிக் கேட்ட உன் அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கடைசிப் பாராவிலேயே நின்றுவிட்டேன். "நான் படித்தது தாவரவியல். இங்கே இயற்பியலுக்கு ஆள் இல்லையாம். பத்தாம் வகுப்பு மின்சாரப் பாடத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் ரிவிஷன். எப்படியோ ஓட்டிவிடுவேன், நீங்கள் ஒன்றும் யோசிக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "எப்படியோ ஓட்டிவிடுவேன்" இருக்கிறதே, அது உன் வார்த்தை இல்லை தம்பி. என் வார்த்தை. நான் இதே வீட்டில், இதே நாற்காலியில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் சொன்ன வார்த்தை. எங்கேயோ உன் காதில் விழுந்து தங்கியிருக்கிறது.

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து அலுத்துப்போனேன். ரிடையர் ஆன பிறகு ஒரு பக்கம் எழுதினாலே விரல் மரத்துப்போகிறது. கண்ணாடி போட்டும் எழுத்து இரண்டாகத் தெரிகிறது. அதையெல்லாம் சாக்காக வைத்துக்கொண்டு இதை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் இனி எப்போதும் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆகையால் பொறுமையாகப் படி. இடையிடையே உன் அப்பனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று தோன்றினாலும் கடைசி வரைக்கும் படி.

நான் வரலாறு படித்தவன் என்பது உனக்குத் தெரியும். நீ ஒன்பதாவது படித்தபோது நம் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் மாற்றலாகிப் போனார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க சார், புஸ்தகம் தமிழ்லதானுங்களே இருக்குது? படிச்சுச் சொன்னாப் போச்சு. புது ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கங்க" என்றார். புது ஆள் வரவே இல்லை. எனக்கு அறிவியல் வராது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் கௌரவம் என்ன ஆவது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முழுக்க மோசம் என்றும் சொல்ல முடியாது. இரசாயன மாற்றம் எனக்குப் பிடித்துப்போயிற்று. சுட்ட சுண்ணாம்புக் கல்லைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொரிவதைப் பையன்கள் வீட்டில் நூறு தடவை பார்த்திருப்பார்கள். அதற்குப் பெயர் சொன்னபோது ஏதோ புதுச் சமாச்சாரம் போலக் கண்ணை விரித்தார்கள். பால் தயிரானால் மறுபடி பாலாகாது, அது இரசாயன மாற்றம். மெழுகு உருகினால் மறுபடி உறையும், அது பௌதிக மாற்றம். எளிய எந்திரங்களும் அப்படித்தான். கடப்பாரை நெம்புகோல், கிணற்றுக் கப்பி, மாட்டு வண்டி அச்சு, லாரிக்காரர்களின் ஜாக்கி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். மின்சாரப் பாடம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் பிறந்த வீட்டில் கரண்ட் கிடையாது. நம் வீட்டுக்குக் கரண்ட் விளக்கு வந்தபோதே எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பேன், திரும்பினால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களே என்று. அப்படியும் எவனாவது கை தூக்கினால், "இது பரீட்சைக்கு வராதுடா, உக்காரு" என்பேன். நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் போவோம். ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம், நீ என்னை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் "அப்பா". சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருவரும் பேசிவிடக் கூடாது என்று நான் போட்ட சட்டம் அது. நீ ஒரு நாள்கூட அதை மீறியதில்லை.

பொதுப் பரீட்சைக்கு முந்தைய ரிவிஷன். ஒரு புதன்கிழமை. கையில் இருந்த ஒரு பீரியடில் மின்சாரப் பாடம் முழுக்கத் திருப்பிவிட வேண்டும் என்று ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தேன். ராஜாமணி எழுந்து நின்றாள். செங்கோடன் மகள். வகுப்பில் கெட்டிக்காரி, ஆனால் வாயே திறக்க மாட்டாள். அவள் கேட்டது பாடத்துச் சந்தேகம்கூட இல்லை, வீட்டிலிருந்து சொல்லி அனுப்பிய சந்தேகம். நம் ஊர்ப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பத்திரம், மனு, மருந்துச் சீட்டு, உர மூட்டையில் அச்சடித்திருப்பது, எதுவானாலும் "வாத்தியாரக் கேட்டுட்டு வா சாமி" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவார்கள். வாத்தியார் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"சார், எங்க கெணத்து மோட்டார்ல தெனமும் பீஸ் போயிருதுங்க. கம்பியத் தடியாப் போடலாமான்னு எங்கய்யன் உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க" என்றாள்.

பீஸ் என்று ஊரில் சொல்வதுதான் புத்தகத்தில் மின்னுருகு இழை. நான் அந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை. தெரியாது என்று சொல்ல இரண்டு நொடி ஆகியிருக்கும். முந்தின நாள்தான் கப்பியும் கிணற்று வடமும் திருப்பியிருந்தேன். தடித்த வடம் அறாது, மெல்லிய கயிறு அறும். அந்த நினைப்பிலேயே, "மெலிசா இருக்கறதாலதாம்மா அறுந்து போகுது. தடியாப் போட்டா உறுதியா நிக்கும்னு அய்யன்கிட்டச் சொல்லு" என்றேன். வகுப்பு முழுக்க அதை நோட்டில் எழுதிக்கொண்டது. நீ மட்டும் எழுதவில்லை.

சாயங்காலம் சைக்கிளில் நீ பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தாய். பாலம் தாண்டியது. தாண்டிப் பத்தடி போன பிறகுதான், "அப்பா, ஒண்ணு சொல்லட்டுங்களா? பீஸ் கம்பி உருகறதுக்குத்தான் வெச்சிருக்குதுங்க. அது உருகலீன்னா மோட்டார் எரிஞ்சு போயிருமாமா. புஸ்தகத்துல போட்டிருக்குதுங்கப்பா" என்றாய். சைக்கிளை நிறுத்தினேன். "என்றா, எனக்கே பாடம் நடத்தறயா?" என்று கேட்டு உன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். எதிரே பருத்தி ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர், "ஏனுங்க வாத்தியாரே, வயசுக்கு வந்த பையனப் போயி" என்று திட்டிக்கொண்டே போனார். நீ அழவில்லை. கீழே விழுந்த புத்தகப் பையைத் தட்டி எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாய். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். வகுப்பில் என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நீ பாலம் தாண்டும் வரை பொறுத்திருந்தாய். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை தம்பி.

நீ இதுவரை அறியாத சங்கதி இனிமேல்தான். வீட்டுக்கு வந்ததும், நீ கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, உன் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தே வரிதான். அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் மின்னுருகு இழை முதலில் உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும்; அதனால்தான் அது எளிதில் உருகும் மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும். நீ சொன்னது அச்சு அசலாக இருந்தது. பொழுது சாயவில்லை. செங்கோடன் தோட்டம் சைக்கிளில் கால் மணி நேரம்கூட இல்லை. போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நான் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் காபி கேட்டேன்.

வியாழக்கிழமை இரசாயன மாற்றம் திருப்பினேன், மின்சாரப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ராஜாமணி வராந்தாவில் ஓடி வந்து, "சார், நீங்க சொன்னாப்பல போட்டமுங்க. ரெண்டு நாளா பீஸ் போகவே இல்லீங்க சார்! அய்யன் சொல்லச் சொன்னாருங்க" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அப்போதாவது வாயைத் திறந்தேனா? "நல்லதும்மா, போய்ப் படி" என்றேன். இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. கோடையில் கரண்ட் இழுத்து இழுத்துத்தான் வரும், மோட்டார் திணறும், அதனால்தான் தினம் பீஸ் போய்க்கொண்டிருந்திருக்கிறது. தடித்த கம்பி உருகாமல் நின்றது, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், எரிந்துவிட்டது. காயில் கட்டும் கடையில் கோடைக்கு ஊர் மோட்டாரெல்லாம் வரிசையில் கிடந்தது, மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் வெங்காயம் திரளும் பருவம், தண்ணீர் தவறக் கூடாது. பரணில் போட்டிருந்த தண்ணீர் சேந்தும் பழைய தோல் சால் ஒன்றை எடுத்து, வடத்தில் மாட்டைக் கட்டி இறைக்க ஆரம்பித்துவிட்டார் செங்கோடன். அவர் மாடு ஓட்ட, அவர் சம்சாரம் மேலே வந்த சால் தண்ணீரைக் கவிழ்க்க, பாத்தி பாத்தியாக மடை மாற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ராஜாமணி. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது உன் வாயால்தான். புதன்கிழமை பாலம் தாண்டியதும், "அப்பா, ராஜாமணி பரீட்சைக்கு வர மாட்டாளாமாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். அவளுடையதை நான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஸ்டடி லீவு விட்டாயிற்று, வகுப்பில் திருத்திச் சொல்லவும் இனி வழியில்லை. என்னைக் கண்டதும் செங்கோடன் மாட்டை நிறுத்திவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்தபடி ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க. இந்த வெயில்ல எதுக்குங்க வந்தீங்க? ஏ புள்ள, சாருக்கு மோர் கொண்டா" என்று குரல் கொடுத்தார். மோட்டாரைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"அது என்ற தப்புங்க சார். நீங்க சரியாத்தான் சொல்லியுட்டிருப்பீங்க, நாந்தான் கம்பிய ஏறுமாறாக் கட்டிப்போட்டனாட்ட இருக்குது. கடைக்காரன் பீஸ் கட்டையப் பாத்துட்டு, எந்த மடையன்யா இத்தாத்தண்டி கம்பியப் போடச் சொன்னான்னு கேட்டான். ஒருத்தருஞ் சொல்லலீப்பா, நானாத்தான் போட்டேன்னுட்டனுங்க. உங்க பேரு எதுக்குங்க அங்கெல்லாம் அடிபடணும்?"

மோர்ச் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கிணற்று மேட்டில் அந்தத் தடித்த வடம் ஈரமாகக் கிடந்தது. ராஜாமணி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். முழங்கால் வரை சேறு. ஹால் டிக்கெட்டில் சேறு படாமல் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், பரீட்சைக்குப் போனா, பீஸ் கம்பி கேள்வி வந்தா, நீங்க சொன்னாப்பல எழுதறதுங்களா, புஸ்தகத்துல இருக்கறாப்பல எழுதறதுங்களா?"

அவளுக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது தம்பி. வீட்டில் சொல்லியும் இருக்கிறாள் என்று பிறகு அவளே சொன்னாள். சாரே சொல்லியிருக்கிறார், புத்தகம் என்ன புத்தகம் என்று செங்கோடன் அதட்டிவிட்டாராம். இரண்டு நாள் பீஸ் போகாமல் நின்றதும் நான் சொன்னதே சரி என்று நம்பிவிட்டாளாம். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே நான் சொல்கிறபடி எழுதத்தான் கேட்டாள். நான் தப்பாக எழுதச் சொன்னாலும் எழுதியிருப்பாள்.

"புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதும்மா" என்றேன். நான் சொன்னது தப்பு என்ற மூன்று வார்த்தை மட்டும் வரவில்லை. செங்கோடன் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மாட்டின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒத்தையாளு கொறஞ்சா வெங்காயம் காஞ்சு போயிருமுங்க சார், அதான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷப் பரீட்சைக்கு நீ தனியாகத்தான் சைக்கிளில் போய் வந்தாய். எனக்கு வேறு ஊரில் சூப்பர்விஷன் என்று உன்னிடம் சொன்னேன். பொய். அந்த வருஷம் எனக்கு டியூட்டியே போடவில்லை. பரீட்சை நடந்த அத்தனை நாளும் காலையில் செங்கோடன் தோட்டத்துக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, நான்தான் மடை மாற்றினேன். முதல் நாள் அவர் பதறிப்போய், "ஐயோ, பாவமுங்க சார், வேண்டாமுங்க" என்று மண்வெட்டியைப் பிடுங்கினார். இரண்டாம் நாளிலிருந்து பேசாமல் விட்டுவிட்டார். கையெல்லாம் கொப்புளம். நீ கேட்டபோது பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியது என்றேன். அதுவும் பொய்தான். ராஜாமணி எல்லாப் பரீட்சையும் எழுதினாள், தேறவும் தேறினாள். அதை வைத்து நான் கணக்கு நேர் செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் கேள்வி அந்த வருஷம் வந்தது. என் வகுப்பில் மற்ற பிள்ளைகள் தடித்த கம்பி என்று எத்தனை பேர் எழுதினார்களோ, எத்தனை பேர் இன்றைக்கும் தங்கள் தோட்டத்தில் அப்படிப் போடுகிறார்களோ, எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் காயில் கட்டும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நான்தான் அந்த மடையன் என்று அங்கேயும் சொல்லவில்லை. எரிந்த காயிலைப் பிரித்துப்போட்டிருந்தார்கள். கம்பி மேல் பூசியிருந்த வார்னிஷ் கரியாகித் தொட்டால் உதிர்ந்தது, நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பீஸ் கம்பி உருகியிருந்தால் மெழுகு மாதிரி பௌதிக மாற்றம், அரை நிமிஷத்தில் வேறு போட்டுக்கொள்ளலாம். இது திரும்பி வராத மாற்றம். இரண்டு வருஷம் இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவனுக்கு அன்றைக்குத்தான் அது விளங்கிற்று. கடைக்காரர் பெரிய படிப்பு இல்லாதவர். நான் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் சொன்னார், தெரியாததற்கு "அது நமக்குத் தெரியாதுங்க, கரண்ட் ஆபீசுல கேட்டுச் சொல்றனுங்க" என்றார். எவ்வளவு சுலபமாக அவருக்கு வந்தது அந்த வார்த்தை! அடுத்த வருஷத்திலிருந்து மின்சாரப் பாடத்தை வகுப்புக்கு முகம் காட்டித்தான் நடத்தினேன். ஆனால் போன வருஷம் தப்பாகச் சொன்னேன் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

போன மாசம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கப் போனபோது ராஜாமணியைப் பார்த்தேன். பனமரத்துப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சாருடா, கும்பிடு சாமி" என்று மூத்தவனிடம் சொன்னாள். அப்போதும் நான் சொல்லவில்லை. டவுன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் அம்மா வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகையால் எப்படியோ ஓட்டாதே தம்பி. ஊரில் ஒரு காயில் கடை இருக்கும், போய் உட்கார்ந்து கேள். வகுப்பில் கை தூக்குகிற பிள்ளையை உட்காரச் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல், மறக்காமல் மறுநாள் சொல். நீ சொல்வதை அவர்கள் நோட்டில் எழுதுவதோடு விடுவதில்லை, வீட்டில் போய்ச் சொல்லி அப்படியே செய்துவிடுகிறார்கள். எவ்வளவு தேறினாலும் நீயும் ஒரு நாள் தப்பாகச் சொல்லத்தான் போகிறாய். அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிளை எடு.

அந்தப் புதன்கிழமை பாலம் தாண்டிய பிறகு நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. உன்னை அறைந்தது அதைவிடப் பெரிய தப்பு. இதை எழுத எனக்குப் பதினொரு வருஷம் பிடித்திருக்கிறது. விடிந்ததும் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, செங்கோடன் தோட்டத்துக்குப் போகிறேன். சைக்கிள் மிதிக்க முடியாது, நடந்துதான் போக வேண்டும்.

அப்பா